சோம்பல் என்று நாம் பெயரிட்ட நோய்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பெண்கள் மதரஸாவில் மூன்றாமாண்டு ஓதிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி பாடத்தில் பின்தங்கத் தொடங்கினாள். முதலிரண்டு ஆண்டுகளில் நஹ்வு, ஸர்ஃபு இலக்கணங்களைச் சக மாணவியருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறியிருந்தவள். இப்போதோ நேற்று ஓதியது இன்று நினைவில் இல்லை. ஃபஜ்ரு தொழுகைக்குப் பிந்திய பாடத்தில் கிதாபின் மீதே தலைசாய்த்து உறங்கிவிடுகிறாள் என்று ஆலிமா ஆசிரியைகள் முறையிட்டனர். திரைக்கு இப்பாலிருந்து பாடம் நடத்தும் நமக்கு அவளது முகம் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும். அந்தக் குரல் சில மாதங்களாகத் தடித்துக் கரகரத்து, சொற்கள் இழுபட்டு வந்ததை நாமும் கவனித்தோம். அக்கறையின்மை என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்ததோடு நிற்கவில்லை. உறங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் இடுவதைப் பற்றிய நபிமொழியை அந்த வகுப்பிலேயே விளக்கினோம். யாரைக் குறித்து என்பது வகுப்பு முழுமைக்கும் விளங்கியிருக்கும். சபுரில் இருந்த அவளுடைய வாப்பாவுக்கு, பிள்ளை கைப்பேசியில் இரவைக் கழிக்கிறாளா என்று பார்க்கும்படி செய்தியும் அனுப்பினோம். உம்மாவோ கண்ணேறு பட்டிருக்கும் என்று அஞ்சி ஓதிப் பார்ப்பவரிடம் அழைத்துச் சென்றார். நூல் கட்டப்பட்டது, தண்ணீர் ஓதிக் கொடுக்கப்பட்டது. மூன்று மாதங்கள் கழிந்தன. கடைசியில் ஒரு நிக்காஹ் வீட்டில், செவிலியராகப் பணிபுரியும் உறவுக்காரப் பெண் ஒருவர் அவளது முன்கழுத்து லேசாக வீங்கியிருப்பதைக் கண்டு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். டிஎஸ்எச் என்னும் அளவு ஏறத்தாழ 4க்குள் இருக்க வேண்டும். அவளுக்கு 60ஐத் தாண்டியிருந்தது.

தைராய்டு சுரப்பி சுரக்க மறந்துவிட்ட ஓர் உடலிடம் நாம் தக்வாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். பின்னர் அவளுடைய உம்மா நம் வீட்டாரிடம் சொன்னார்: "பிள்ளை இரவெல்லாம் அழுதாள். நான் வேண்டுமென்றா தூங்குகிறேன் என்று கேட்டாள்."

நாயகத் தோழர் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்வொன்றை மதரஸாவில் தயம்மும் பாடத்தில் ஒவ்வோராண்டும் நடத்துகிறோம். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அவருக்குக் குளிப்பு கடமையாகிறது. குளிக்காமலிருக்க எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்கிறார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அந்தத் தீர்ப்பைச் சொன்னவர்களே என்று கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றார்கள். இருபது ஆண்டுகளாக இதை நடத்திவரும் நாம், இது தண்ணீரையும் காயத்தையும் பற்றிய சட்டம் என்றே எண்ணியிருந்தோம்.

தைராய்டு என்பது தொண்டைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்த சிறு சுரப்பி. உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அது சுரக்கும் ஹார்மோன் தீர்மானிக்கிறது. அது குறையும்போது எல்லாமே மந்தமாகின்றன: அயர்வு, உடற்பருமன், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், தோல் வறட்சி, குரல் தடித்தல், மறதி, மாதவிடாய்க் கோளாறு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, இன்னும் சுர, இன்னும் சுர என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளைதான் டிஎஸ்எச். ஆகவே தைராய்டு தளரும்போது இந்த அளவு உயர்கிறது. இதனுடன் டி4 அளவையும் பார்த்தால் பெரும்பாலும் நோய் உறுதியாகிவிடும். உடலின் எதிர்ப்பாற்றலே தன் சுரப்பியைத் தாக்குவதுதான் இதற்கு மிகுதியான காரணம். ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912ஆம் ஆண்டிலேயே இதை விவரித்துவிட்டார். ஆண்களைவிடப் பெண்களையே இது பன்மடங்கு தாக்குகிறது.

சுரப்பி மிகைப்பட்டால் நிலைமை தலைகீழ். நன்றாக உண்டும் மெலிவார்கள், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உறக்கம் வராது, காரணமின்றிக் கோபம் பொங்கும், கண்கள் பிதுங்கித் தெரியும். இத்தகைய பெண் ஒருத்தியை நம் ஊர்களில் முதலில் எங்கே அழைத்துச் செல்வார்கள் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜின்னை மறுப்பவர்கள் அல்லர் நாம். ஓதிப் பார்ப்பது சுன்னத்தான வழிமுறை என்பதையும் அறிவோம். ஆனால் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்த நோயையும் மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்று கிராமத்து அரபிகளுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னதும் அதே சுன்னத்தில்தான் இருக்கிறது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, தாயிஃபைச் சேர்ந்த மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லும்படி ஆணையிட்டதும் அதே பெருமானார்தாம். ஓதிய தண்ணீரைப் பருகிவிட்டு ஆய்வகத்துக்குச் செல்வதில் ஈமானுக்கு எந்த முரணும் இல்லை.

இங்கே பெண்கள் மதரஸாக்களை நடத்துவோரிடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல விரும்புகிறோம். ஹைளு பாடம் நடக்கும் வகுப்பறைதான் நம் சமுதாயத்தில் ஹார்மோன் கோளாறுகள் முதன்முதலில் வாய்விட்டுச் சொல்லப்படும் இடம். ஒரு பெண் மருத்துவரிடம் கூறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, பெற்ற தாயிடம் கூறுவதற்கும் முன்னரே, ஆலிமா ஆசிரியையிடம் கேட்டுவிடுகிறாள்: "மூன்று மாதமாக வரவில்லை, வந்தால் இருபது நாள் நிற்பதில்லை, நான் எந்த நாள்களில் தொழ வேண்டும்?" ஆசிரியை சரியாகவே விடை சொல்கிறார். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஹைளின் உச்ச அளவு 15 நாள்கள். ஹனஃபி மத்ஹபின்படி 10 நாள்கள். அதைக் கடந்து வருவது இஸ்திஹாளா. அதற்குரிய சட்டங்கள் இவை இவை. மஸ்அலா முடிந்தது. நோயோ அப்படியே நிற்கிறது.

ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு உதிரம் நிற்பதில்லை என்று முறையிட்டபோது, இது ஹைளு அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்றே நபிகளார் (ஸல்) விளக்கினார்கள். உடலில் ஏற்பட்ட ஒரு கோளாறு என்று அதற்கு அன்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த நபிமொழியை நடத்தும் ஆசிரியை, சட்டத்தைச் சொன்ன பிறகு இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தால் போதும்: "உன் உம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பார், அம்மா."

அவ்வாறு செல்லும் பெண்களில் பலருக்குத் தெரியவருவது பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு. பெயர்தான் நீர்க்கட்டி, ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளும் அல்ல, முதிராமல் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகள். ஒழுங்கற்ற மாதவிடாய், முகத்தில் மிகுதியான முடி அல்லது ஆண்ட்ரோஜன் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருப்பின், தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்த பின்னர் மருத்துவர்கள் இதை முடிவு செய்கிறார்கள். பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன சிறுமிகளுக்கு ஸ்கேனை மட்டும் வைத்து இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. இதன் பின்னணியில் பெரும்பாலும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத தன்மை இருப்பதால், பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. மிகை எடையுள்ளவர்கள் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்தாலே மாதவிடாய் சீர்ப்படத் தொடங்குவதுண்டு. "நிக்காஹ் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியம்மாமார் சொல்லும் மருந்து மட்டும் எந்த மருத்துவ நூலிலும் இல்லை.

நிக்காஹ் என்று சொன்னதும் நம் வீடுகளின் உண்மையான தடை எதுவென்று புலப்படும். மகளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே, "சீட்டில் அவள் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போடுங்கள்" என்று கேட்கும் உம்மாக்கள் இருக்கிறார்கள். மாமியார் கண்ணில் படாதிருக்க, மணமான மறுநாளிலிருந்து தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடும் பெண்களும் இருக்கிறார்கள். இதன் விளைவு என்னவென்பதைக் கேளுங்கள். கருவுற்ற முதல் சில மாதங்களில் குழந்தையின் தைராய்டு இயங்குவதில்லை. அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் தாயின் இரத்தத்திலிருந்தே கிடைக்கிறது. அதனால்தான் மாத்திரை உட்கொள்ளும் பெண் கருவுற்றதும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில்தான் புதுமணப் பெண் மாத்திரையைச் சேலை மடிப்புக்குள் ஒளித்துவைக்கிறாள், அல்லது அறவே விட்டுவிடுகிறாள். கருச்சிதைவு நேர்ந்தால் அதற்கும் அவளுடைய ராசியையே காரணம் சொல்வார்கள்.

மண ஒப்பந்தத்தில் உண்மையைச் சொல்வது மார்க்கக் கடமை. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அவர்களைப் பற்றி உள்ளதை நபிகளார் (ஸல்) வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனால் கடமை இரு தரப்புக்கும் உரியது. உண்மையைச் சொல்லும் பெண் வீட்டாரை, "நோயாளிப் பெண்ணை நம் தலையில் கட்டப் பார்த்தார்கள்" என்று ஊர் முழுக்கப் பேசிவிட்டு, பிறகு எல்லோரும் மறைக்கிறார்கள் என்று குறைகூற நமக்கு என்ன உரிமை? நாளுக்கு ஒரு மாத்திரை விழுங்கினால் மற்றவர்களைப் போலவே வாழவும் பிள்ளை பெறவும் இயலும் நிலையை, நிக்காஹைத் தடுக்கும் குறையாகக் கருதுவது அநீதி என்பதே நமது கருத்து. அதே பேச்சுவார்த்தையில் 35 வயது மாப்பிள்ளையின் சர்க்கரை அளவை எவரும் கேட்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதன் வாசலில் நிற்போர் ஏறத்தாழ 13 கோடியே 60 இலட்சம். வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 6.5 ஆகியவை எல்லைக் கோடுகள். அறிகுறி எதுவும் இல்லையெனில் மறுமுறை சோதித்து உறுதிசெய்வார்கள். அளவு 100க்கும் 125க்கும் இடையில் இருப்பின் அதுவே எச்சரிக்கை. நோய் பல ஆண்டுகள் ஓசையின்றி இருக்கும். வலி இல்லையே என்று நாம் பிரியாணியின் மீது பழிபோடாமல் வட்லப்பத்தையும் தொடர்வோம். கண்ணும் சிறுநீரகமும் பாதமும் கெட்ட பிறகே அது பேசத் தொடங்கும். குழந்தைகளிடம் நிலைமை வேறு. திடீரென்று தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கை நனைத்தல், மெலிவு, வாந்தி, நெடுமூச்சு ஆகியன தோன்றினால் அது முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம். ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து. மந்திரிப்பதற்கு அங்கே நேரமே இல்லை.

ரமளானில் இது நம் கைகளில் வந்து நிற்கிறது. 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் 2001ஆம் ஆண்டு நடத்தப்பட்ட ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளில் ஐந்தில் நால்வரளவு பெரும்பாலான நாள்கள் நோன்பு நோற்றதும், சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துபோகும் நிகழ்வுகள் அவர்களிடையே ஏழு மடங்குக்கும் மேல் கூடியதும் தெரியவந்தன. நோயாளி வேறு நாள்களில் நோற்கட்டும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் சலுகை தந்திருக்க, அந்தச் சலுகையை ஏற்பவரைப் பலவீனராகப் பார்க்கும் வழக்கத்தை நாம் எங்கிருந்து பெற்றோம்? அஸருக்குப் பின் ஒருவர் வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறுகிறார். "இன்னும் இருபது நிமிடம்தானே, பாங்கு சொல்லிவிடுவார்கள்" என்று சுற்றி நிற்போர் தைரியம் சொல்கிறார்கள். தலையில் காயம்பட்டவரின் தோழர்கள் சொன்னதும் இதைப் போன்றதுதான். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ அந்த நிமிடமே நோன்பை முறிக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டுதல். உயிருக்கு அஞ்ச வேண்டிய நிலையில் நோன்பை விடுவது சலுகை என்னும் படியைக் கடந்து கடமையாகிவிடுகிறது என்பது ஃபுகஹாக்களின் தெளிவான சட்டம்.

விரலில் ஊசி குத்திப் பார்த்தால் நோன்பு முறியுமா என்று அஞ்சிச் சோதிக்காமலே இருப்போர் பலர். முறியாது. 1997ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, சோதனைக்காக இரத்தம் எடுப்பதும், ஊட்டச்சத்துக்காக ஏற்றப்படாத ஊசிகளும் நோன்பை முறிக்கா என்று முடிவு செய்துள்ளது. இன்சுலின் ஊசியும் இதில் அடங்கும். இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே என்ற ஐயமும் இன்னும் உலவுகிறது. ஒரு காலத்தில் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது உண்மையே. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கப்படும் மனித இன்சுலின் சந்தைக்கு வந்துவிட்டது. இன்று மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதுவும் அதன் மாற்று வடிவங்களுமே.

எவர் நோற்கலாம், எவர் கூடாது என்பதை ரமளான் பிறை பார்த்த இரவில் முடிவு செய்ய இயலாது. ரஜப் மாத இறுதியிலேயே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். கிளைமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. காலையில் உட்கொண்ட அதே அளவை ஸஹரில் விழுங்கிவிட்டுப் பகலெல்லாம் பட்டினி கிடப்பது ஆபத்தானது. மெட்ஃபார்மின் தனித்து உட்கொள்ளப்படும்போது அத்தகைய ஆபத்து மிகக் குறைவு. வேளையையும் அளவையும் மாற்றித் தருவது மருத்துவரின் பணி. அவர் நோற்கவே கூடாது என்று சொல்லி, களாச் செய்யும் நம்பிக்கையும் இல்லையெனில் ஃபித்யா இருக்கிறது. அதைச் சொல்வது எம் போன்றோரின் பணி. இரண்டையும் ஒருவரே செய்ய முற்படும்போதுதான் கேடு வருகிறது, அவர் மருத்துவரானாலும் சரி, ஹழ்ரத்தானாலும் சரி.

"இங்கிலீஷ் மருந்தைத் தொடங்கினால் ஆயுள் முழுக்க விட முடியாது" என்பார்கள். லெவோதைராக்சின் உடல் தானே சுரக்க வேண்டிய ஹார்மோன்தான். சுரப்பி மீளாதவரை வெளியிலிருந்து தரத்தான் வேண்டும். பார்வை குறைந்தவர் கண்ணாடி அணிந்து குர்ஆன் ஓதுவதை நாம் அடிமைத்தனம் என்பதில்லை. இதற்கு மாற்றாக விற்கப்படும் பெயரில்லாப் பொடிகளைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் வெளிப்பட்டதுண்டு. அது முகத்தை ஊதச் செய்து, சர்க்கரையை ஏற்றி, உடலின் சொந்தச் சுரப்பையும் முடக்கிவிடும். பொட்டலத்தின் மேல் பள்ளிவாசல் படம் அச்சிட்டிருப்பதால் உள்ளே இருப்பது திப்புந் நபவி ஆகிவிடாது.

பணம் ஒரு தடை என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் கட்டணம் இல்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. தைராய்டு சோதனைக்குச் சில நூறு ரூபாய் ஆகும். நம் மஹல்லாவின் ஜகாத் நிதியில் ஏழை மாணவியொருத்தியின் சோதனைக்கு இடமில்லை என்று எந்த ஜமாஅத்தும் சொல்லாது என்றே நம்புகிறோம்.

அந்த மாணவி மூன்று மாத விடுப்புக்குப் பின் திரும்பி வந்தாள். குரல் தெளிந்திருந்தது. வகுப்பின் முன்னிலையில் சொன்னதற்கு வகுப்பின் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தோம். திரைக்கு அப்பால் சற்று நேரம் அமைதி. பிறகு அவள் ஒரு மஸ்அலா கேட்டாள். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி அரை மணி நேரமாவது கழித்தே உண்ண வேண்டும் என்கிறார்கள். ஸஹருக்கு எழுவதே நேரம் நெருங்கித்தான். ரமளானில் எப்போது விழுங்குவது?

நோன்பை எது முறிக்கும் என்பது நமக்குத் தெரியும். இது தெரியாது என்று சொன்னோம். மாலையில் அவளுடைய மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு மறுநாள் விடை கூறினோம்: இஃப்தாருக்குப் பின் இரவு உணவை முன்னதாகவே முடித்துக்கொண்டு, மூன்று மணி நேரம் எதுவும் உண்ணாமலிருந்து, உறங்கப்போகும் முன் தண்ணீருடன். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இருந்தால் அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. ரமளான் முடிந்து ஆறு வாரங்களில் மறுபடி டிஎஸ்எச்.